கண்ணாடிப் பெட்டிக்குள்ளை ஒரு தேங்காய்

ஜேர்மனியிலை கடல் இருக்கெண்டு எங்கடை சனத்திலை கனபேருக்குத் தெரியாது. இஞ்சை கெல்சென்கிர்ச்சனிலை ஆரிட்டையாவது, வந்த புதிசிலை நான் வடகடல் கரையிலை ஒரு உல்லாசப் பயண ஊரிலைதான் இருந்தனான் எண்டு சொன்னால், குடுத்து வைச்சனீர் எண்டு சொல்லுவினம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். குடுத்து வைச்சதாம். மழை மேலையிருந்து விழாமல் பக்கத்தாலை வந்து காதுக்குள்ளை அடிக்கிற ஊர் அது. குடை விரிச்சால் குடை காத்தோடை போகும், பிடிச்சு வைச்சிருந்தால் நாங்களும் சேர்ந்து போகவேணும். வெய்யில் எண்டு ஒண்டு வாறது ஆடி ஆவணியிலை. அது உல்லாசப் பயணியளுக்கு வாறது, எங்களுக்கில்லை.

ஆனால் பொய் சொல்லப்படாது. பொரிச்ச மீனும் ஈரக் கம்பளமும் ஒண்டாய் மணக்கிற இடம் எங்கையாவது வந்தால் இப்பவும் நான் நிண்டு மூச்சை இழுப்பன். அந்த ஊரை வெறுத்தனோ விரும்பினனோ எண்டு இண்டைக்கும் எனக்கு வடிவாச் சொல்லத் தெரியாது.

எங்களை வைச்சிருந்தது ஒரு பழைய விடுதியிலை. பயணியள் வராமல் விட்டாப்பிறகு அகதியளுக்கெண்டு நகரசபை எடுத்த கட்டிடம். ஒவ்வொரு அறைக் கதவிலையும் ஒரு கடற்பறவையின்ரை படம் ஒட்டியிருந்தது. நானும் வேறை மூண்டு யாழ்ப்பாணப் பொடியங்களும் இருந்த அறைக்கு வாய்ச்சது ஒரு கொழுத்த வாத்து. எங்களைக் கழுகு அறையிலை போடேல்லை எண்டு அதிலை ஒருத்தனுக்குக் கடைசிவரைக்கும் மனவருத்தம். கம்பளத்திலை நங்கூரப் படம், சுவரிலை பாய்க்கப்பல், யன்னலுக்கு வெளியிலை மூடிக்கிடக்கிற ஐஸ்கிறீம் கடை. புரட்டாதி முடிய ஊரே கடையைச் சாத்திக்கொண்டு படுத்திடும். பேந்து மிஞ்சிறது நாய் கூட்டிக்கொண்டு நடக்கிற கிழவியளும், காரைக் கடலைப் பாத்து நிப்பாட்டிப்போட்டு ஒரு சொல்லும் கதையாமல் போத்திலிலை கொண்டுவந்த கோப்பி குடிக்கிற கிழடுகளும்தான். எங்களுக்கும் அவைக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அவைக்குக் கார் இருந்தது.

முன்வீட்டிலை இருந்த மனிசி ஒருநாள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா. சிலோன்காரன் எண்டபடியாலைதான் கூப்பிட்டது. கோப்பைக்குள்ளை கல்லுக் கல்லாய்ச் சீனிக்கட்டி போட்டு, மேலை கொதிக்கக் கொதிக்க ஊத்த, அது படபடவெண்டு வெடிச்சுது. கலக்கப்படாதாம். நான் குடிச்சு முடிக்க முடிக்க அவ ஊத்திக்கொண்டே இருந்தா. வேண்டாமெண்டு சொல்லிறது மரியாதை இல்லையெண்டு நான் குடிச்சுக்கொண்டே இருந்தன். வயிறு முட்டித் தண்ணி. போதுமெண்டால் கரண்டியைக் கோப்பைக்குள்ளை வைக்கவேணுமாம், அது அந்தப் பக்கத்துச் சம்பிரதாயம். எனக்கு ஆர் சொன்னது?

கடலைப் பற்றிச் சொல்லவேணும். எங்கடை ஊர்க் கடல் வைச்ச இடத்திலை இருக்கும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். இந்தக் கடல் ஒரு நாளைக்கு ரெண்டுதரம் எழும்பிப் போயிடும். போறதெண்டால் சும்மா இல்லை. கண்ணுக்கெட்டின தூரமட்டும் சாம்பல் நிறச் சேறு, அதுக்குள்ளை கால் புதைய நடக்கிற பறவையள், அங்கை இஞ்சை ரெண்டு வாய்க்கால். ஆறு மணித்தியாலம் கழிச்சு ஒண்டும் நடவாத மாதிரித் திரும்பி வந்து நிக்கும். முதல்நாள் காலமை யன்னலைத் திறந்துபோட்டு, இரவு பாத்த கடல் கனவோ எண்டு நான் கண்ணைக் கசக்கினன்.

விசாக் கேஸ் முடியுமட்டும் எங்களை வேறை வேலைக்கு விடமாட்டினம். நகரசபை வேலை எண்டால் செய்யலாம். எனக்குக் கிடைச்சது கடற்கரை துப்பரவு. விடிய எழும்பி, கடல் கரையிலை கொண்டுவந்து போட்டிருக்கிற பாசி, பலகை, கயிறு, பிளாஸ்டிக் எல்லாத்தையும் வாரியாலை இழுத்து வண்டிலிலை ஏத்திறது. எங்களுக்கு மேலை ஒரு ஜேர்மன்காரன். பெரிய மீசை, சின்னக் கண், கெட்ட மனிசனில்லை. ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேலை கதையான். இளவேனில், கோடை எண்டு அந்த வேலை ஓடிச்சுது. வருசம் தொண்ணூறுகளின்ரை தொடக்கம்.

ஐப்பசி மாதம் கொழும்பிலையிருந்து அக்கா விடுதிக்குப் போன் எடுத்தா. அம்மா செத்துப்போனா. செத்து அப்ப மூண்டு கிழமை. யாழ்ப்பாணத்திலை அப்ப போனுமில்லை, கரண்டுமில்லை. கிளாலிக் கடலாலை தப்பி வந்த ஆரோ ஒருத்தர் அக்காவின்ரை லொட்ஜைத் தேடிப் பிடிச்சுச் சொன்னதாம். காய்ச்சல், ரெண்டு நாள், முடிஞ்சுது. ஒரே பொடியன் நான். கொள்ளி வைச்சது பெரியப்பாவின்ரை மகன். அக்காவும் பக்கத்திலை இல்லை, பாதை பூட்டி அவ கொழும்பிலை நிண்டிட்டா. பெத்த ரெண்டும் இருந்தும் இல்லாத சாவு. போனை வைச்சுக்கொண்டு நான் சுவரிலை இருந்த பாய்க்கப்பலைப் பாத்துக்கொண்டு நிண்டன். அழுகை வரேல்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆரிலை எண்டு தெரியாத ஆத்திரம்.

அக்கா அழுது முடிச்சுப்போட்டு ஒண்டு சொன்னா. அதுதான் இந்தக் கதை முழுக்க.

"அந்தியேட்டியை எண்டாலும் நீ ஒழுங்காச் செய், தம்பி. கீரிமலைக் கடல் பக்கம் ஒருத்தரும் போகேலாது, ஆமி நிக்குது. உன்னட்டைக் கடல் இருக்குத்தானே. அம்மாவை நல்லபடியா அனுப்பிவிடு."

உன்னட்டைக் கடல் இருக்குத்தானே. கடிதத்திலை கடல், கடல் எண்டு பீத்தினது நான்தான்.

அந்தியேட்டி முப்பத்தோராம் நாள், அதுக்கு இன்னும் பத்து நாள் கிடந்தது. ஐயருக்கு எங்கை போறது? கெல்சென்கிர்ச்சனிலை எங்கடை ஊர் அண்ணை ஒருத்தர் இருந்தார். ஊரிலை ஐயரோடை கூடித் திரிஞ்சு கிரியையெல்லாம் கண் பாடம். ஜேர்மனிக்கு வந்து சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவினாலும் எங்கை சாவீடு எண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவினம். நான் போன் எடுக்க, ஒரு சொல்லும் மறுக்காமல் வாறன் எண்டார். பஞ்சாங்கம் பாத்து நேரமும் சொன்னார். திதி பதினொண்டரையோடை முடியுதாம், அதுக்குள்ளை தண்ணியிலை விடவேணுமாம். நான் ஓமெண்டன். நேரத்தைப் பஞ்சாங்கத்திலை பாத்தம். கடலைக் கேக்க வேணுமெண்டு ரெண்டு பேருக்கும் தோன்றேல்லை.

அண்ணை முதல்நாள் வந்து இறங்கினார், ஒரு பெட்டியும் ரெண்டு பையுமாய். எள்ளு, அரிசிமா, பால், கற்பூரம், ஒரு தேங்காய் எல்லாம் அதுக்குள்ளை. தர்ப்பைதான் இல்லை. மணற்குன்றிலை நிக்கிற நீட்டுப் புல்லைப் பிடுங்கினம். பிடுங்கப்படாதெண்டு பலகை எழுதிப் போட்டிருக்கு, அந்தப் பலகையைக் கிழமைக்கொருக்கால் துடைக்கிறதும் நான்தான். அறைப் பொடியங்கள் எனக்கு மொட்டை அடிச்சுவிட்டாங்கள். அந்தத் தேங்காயைப் பற்றி அண்ணை இருத்திவைச்சு விளங்கப்படுத்தினார். உடம்பு கிடைக்காத சாவுக்குத் தர்ப்பையாலை உருச் செய்து, தலைக்குத் தேங்காய் வைக்கிறது வழக்கம். உன்னட்டை அம்மாவின்ரை சாம்பலுமில்லை, எலும்புமில்லை. அதாலை இந்தத் தேங்காயிலைதான் அம்மா. அதை நினைச்சுக்கொண்டு விடவேணும், விட்டாப்பிறகு திரும்பிப் பாக்கப்படாது. பாத்தால் போற சீவனுக்குக் கால் எழும்பாது.

எனக்கு உதிலையெல்லாம் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் அண்ணை அந்தத் தேங்காயை என்ரை கையிலை தர, நான் ரெண்டு கையாலும் ஏந்தி வாங்கினன். வைக்க இடமில்லாமல் என்ரை தலையணையிலை வைச்சுப்போட்டு நான் நிலத்திலை படுத்தன். பொடியங்கள் ஒருத்தரும் பகிடி விடேல்லை.

விடிய ரெண்டு பேரும் சாமான்களோடை கடற்கரைக்குப் போனம். அண்ணை மணல்மேட்டிலை ஏறி நிண்டார். வேட்டி காத்திலை அடிக்குது, மேலை குளிர் யக்கற். முன்னாலை பாத்தார், இடப்பக்கம் பாத்தார், வலப்பக்கம் பாத்தார்.

"கடல் எங்கை, தம்பி?"

போயிட்டுது, வரும் எண்டன். எனக்கே அது கோமாளிக் கதையாய்க் கேட்டுது. இதை நீ முதலே சொல்லியிருக்கக் கூடாதோ எண்டு அண்ணை பேசத் தொடங்கினார். உலகத்திலை எந்த விசரன் கடல் இருக்கிற நேரம் கேட்டுத் திதி பாப்பான் எண்டு நானும் திருப்பிக் குடுத்தன். பேந்து ரெண்டு பேரும் பயணியள் இருக்கிற கூடு வைச்ச பிரம்புக் கதிரையொண்டுக்குள்ளை மழைக்கு ஒதுங்கினம். சோடியாய் இருந்து கடல் பாக்கச் செய்த கதிரை அது. மொட்டைத் தலையோடை நானும், திருநீறு பூசின அண்ணையும், நடுவிலை தேங்காயும். நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு மனிசி நிண்டு பாத்துப்போட்டுக் குட்டன் மோர்கன் சொன்னா.

பிண்டத்தை மணலிலை வைச்சுத்தான் செய்தம். கற்பூரம் காத்துக்குப் பத்தேல்லை, நெருப்புப்பெட்டி முடிஞ்சதுதான் மிச்சம். அண்ணை எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்லி முடிக்கேல்லை, வெள்ளைக் கடற்பறவையள் கூட்டமாய் இறங்கிப் பிண்டத்தை ஒரு துண்டு விடாமல் அள்ளிக்கொண்டு போச்சுதுகள். நான் கலைக்க எழும்பினன். அண்ணை என்ரை கையைப் பிடிச்சார். இஞ்சை காகத்துக்கு எங்கை போறது, அதுவும் காகமெண்டு நினை எண்டார். சொல்லிப்போட்டு அவருக்கே சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கினது.

பதினொரு மணி கழிய, தூரத்திலை ஒரு வெள்ளிக்கோடு தெரிஞ்சுது. பேந்து அது அகண்டுது. வாய்க்கால் நிரம்பி, சேறு மூடி, தண்ணி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார்.

"பார், தம்பி, திதி முடியிறதுக்குள்ளை கடல் தானே தேடி வருது. உன்ரை கொம்மா புண்ணியவதி."

எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கை வந்த மாதிரி. முழங்கால் அளவு தண்ணிக்கு இறங்கினன். குளிர் எலும்புக்குள்ளை ஏறிச்சுது. தேங்காயை ரெண்டு கையாலும் பிடிச்சு, அம்மா போயிட்டு வாங்கோ எண்டு சொல்ல வாயெடுத்துப்போட்டு, வாங்கோ எண்டு சொல்லப்படாதெண்டு நினைவு வந்து, போங்கோ எண்டு தண்ணியிலை விட்டன். அம்மாவைப் போ எண்டு நான் சொன்னது வாழ்க்கையிலை அது ஒருதரம்தான். மூண்டுதரம் குந்தித் தலை முழுகி எழும்பி, திரும்பிப் பாராமல் கரைக்கு நடந்தன். அண்ணை முன்னாலை, நான் பின்னாலை. முதுகுக்குப் பின்னாலை தண்ணிச் சத்தம் கேட்டுது. கழுத்து திரும்பு திரும்பு எண்டுது. நான் திரும்பேல்லை.

திரும்பிப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும். ஏறுகிற தண்ணியிலை விட்டது எங்கை போகும்? கரைக்குத்தானே வரும். மாதக்கணக்காய் ஒவ்வொரு விடியவும் அதைத்தானே நான் வாரியாலை இழுத்தனான். வத்திப் போற தண்ணியிலை விட்டிருந்தால் இங்கிலாந்து மட்டும் போயிருக்கும். ஆனால் அண்டைக்கு நான் கடற்கரைத் துப்பரவுக்காரன் இல்லை. அண்ணை சொல்லச் சொல்லச் செய்யிற மகன், அவ்வளவுதான். அண்ணை பின்னேரம் ரயிலேறிப் போனார். நான் அக்காவுக்குப் போன் எடுத்து, எல்லாம் நல்லபடியாய் முடிஞ்சுது எண்டு சொன்னன். அக்கா ஒரு பெருமூச்சு விட்டா. அந்தப் பெருமூச்சுக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தது.

அடுத்தநாள் காலமை வேலைக்குப் போறன், எங்கடை மீசைக்காரன் கடற்கரையிலை நிண்டு கையை ஆட்டுறான். ஒரு நாளும் ஓடாத மனிசன் என்னை நோக்கி ஓடி வாறான். கையிலை தேங்காய்.

அந்த மனிசன்ரை முகத்திலை அப்பிடி ஒரு சந்தோசத்தை நான் முன்னமும் காணேல்லை, பேந்தும் காணேல்லை. முப்பது வருசமாய் இந்தக் கடற்கரையிலை வேலை செய்யிறானாம், இப்பிடி ஒண்டு வந்ததில்லையாம். கரீபியன் கடலிலையிருந்து மிதந்து வந்திருக்குமாம். கடல் ஓட்டம் எப்பிடிச் சுத்தி வருதெண்டு கையாலை காட்டினான். நாலு சொல் கதைக்கிற மனிசன் நாற்பது சொல் கதைச்சான். உன்ரை நாட்டிலையும் இது இருக்கோ எண்டு கேட்டான். ஓம், இருக்கு எண்டன். வாரியும் வண்டிலும் பற்றிக் கதைக்கத்தான் எனக்கு டொச் பாசை தெரியும். அம்மாவைப் பற்றிக் கதைக்கிற டொச் ஒருத்தரும் படிப்பிக்கேல்லை.

அவன் அதைக் கொண்டுபோய் நகரசபையின்ரை கடற்கரைக் கந்தோரிலை குடுத்திட்டான். கந்தோர் வாசலிலை ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. பெரிய சிப்பி, பழைய போத்தில், திமிங்கிலத்தின்ரை எலும்பு எண்டு கடல் கொண்டுவந்த அதிசயங்களை அதுக்குள்ளைதான் வைப்பினம். நடுவிலை அம்மாவை வைச்சிச்சினம். பளபளவெண்டு இருக்கட்டுமெண்டு வார்னிஷும் பூசி, கீழை ஒரு மட்டை எழுதி வைச்சிச்சினம், தூரக் கடல்களிலையிருந்து வந்த விருந்தாளி எண்டு. உரிச்ச தேங்காய். கரீபியனிலை ஆர் உரிச்சு விட்டது எண்டு ஒருத்தருக்கும் யோசினை வரேல்லை. குளிர்கால விடுமுறைக்கு ஒண்டிரண்டாய் வந்த சனமும் நிண்டு பாத்துப் படமெடுத்துது. கந்தோர் வாசல் குப்பைத் தொட்டியைத் தினம் வெறுமையாக்கிறது என்ரை வேலை.

அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னன். திரும்பிப் பாத்தனியோ எண்டுதான் முதல் கேட்டார். சத்தியமாய் இல்லை எண்டன். எப்பிடியாவது அதை வாங்கு, வாற அமாவாசைக்கு வத்திற தண்ணியிலை விடுவம், இல்லையெண்டால் கொம்மா நடுவழியிலைதான் நிப்பா எண்டார். நான் கந்தோருக்குப் போனன். அங்கை இருந்த மனிசி தங்கமான மனிசி, எங்களுக்கு உடுப்பெல்லாம் சேர்த்துத் தந்தவ. அது என்ரை, எனக்கு வேணும் எண்டன். நீ துலைச்சனியோ எண்டு கேட்டா. இல்லை, நான்தான் கடலிலை விட்டனான் எண்டன். ஏன் எண்டு கேட்டா. அதுதான் கேள்வி. தேங்காயைக் காட்டி, இது என்ரை அம்மா எண்டு சொன்னால் என்னை எங்கை அனுப்புவினம்? விசா விசாரணை முடியாமல் கிடக்கு. அவ என்னைப் பாத்தா, மொட்டைத் தலையைப் பாத்தா, பாவப்பட்டா. எனக்கு ஊர் யோசினை வந்திட்டுதெண்டு நினைச்சிருப்பா. அடுத்தநாள் தன்ரை காசிலை ஒரு புதுத் தேங்காய் வாங்கிவந்து, அழகாய்ப் பையிலை போட்டு, சிரிச்சுக்கொண்டு என்ரை கையிலை தந்தா.

நன்றி சொல்லி வாங்கினன். வேறை என்ன செய்யிறது? பொடியங்கள் அதைத் துருவிச் சம்பல் போட்டாங்கள். எனக்கு இறங்கேல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க விடிய விடிய அந்தக் கண்ணாடிக்கு முன்னாலை போவன். முதல்லை வெக்கமாய் இருந்தது, பேந்து கோவமாய் இருந்தது. பேந்து, சொன்னால் சிரிப்பியள், பழகிப்போச்சுது. ஒருத்தரும் இல்லாத நேரமெண்டால் நிண்டு ரெண்டு கதை கதைப்பன். இண்டைக்குச் சரியான காத்து, கை விறைக்குது, விசா இன்னும் வரேல்லை, அப்பிடி. கண்ணாடியிலை படிஞ்ச உப்பை என்ரை கையுறையாலை துடைப்பன். ஊரிலை இருக்கேக்கை கூட அம்மாவோடை நான் தினம் கதைச்சதில்லை.

பங்குனியிலை விசா வந்தது. அண்ணை கெல்சென்கிர்ச்சனிலை வேலையும் அறையும் பாத்து வைச்சிருந்தார். பஸ்ஸுக்குப் போற வழியிலை கடைசியாய்ப் போய்ப் பாத்தன். கந்தோர் திறக்கேல்லை. வார்னிஷ் ஒரு பக்கம் வெடிச்சிருந்தது. உடைச்சு எடுப்பமோ எண்டு ஒரு யோசினை வந்தது, ஒரு கல்லு போதும். கையிலை புது விசா. பஸ் வந்தது, ஏறிட்டன். ஏறி இருந்தாப்பிறகு திரும்பிப் பாத்தன், சுவர்தான் தெரிஞ்சுது.

அக்காவுக்கு நான் இதைச் சொல்லேல்லை. அவ கலியாணம் கட்டிக் கனடா போய், தொண்ணூறுகள் முடியிற நேரம் என்னைப் பாக்க வந்தா. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை அம்மாவின்ரை கதை வந்தது. வருசம் போச்சுதுதானே, இனி என்னெண்டு எல்லாத்தையும் சொன்னன். பகிடியாய்த்தான் சொன்னன். கடலைக் காணாமல் அண்ணை நிண்ட நிலை, கரீபியன் விருந்தாளி, எல்லாம். அப்ப நானும் கலியாணம் கட்டியிருந்தன், என்ரை மனிசி விழுந்து விழுந்து சிரிச்சா. அக்கா சிரிக்கேல்லை. இப்ப அது எங்கை எண்டு கேட்டா. அங்கைதான் இருக்கும், ஆர் எடுக்கப்போகினம் எண்டன்.

கிரியை பிழைச்சுப்போச்சுதெண்டு பேசப்போறா எண்டு நினைச்சன். அவ சோத்துக் கோப்பையைப் பாத்துக்கொண்டு மெல்லமாய்த்தான் சொன்னா.

"அம்மா உன்னைத் தேடிக் கரைக்கு வந்திருக்கிறா, தம்பி. நீ ரெண்டாந்தரமும் அவவை விட்டிட்டு வந்திட்டாய்."

சொல்லிப்போட்டு எழும்பிப் போய்க் கை கழுவினா. சோறு பாதியிலை கிடந்தது.